கேர் ஆஃப் காளியண்ணன் கடை

ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லோடு நானும் கான்ஸ்டன்ஸும் இரண்டு வாரம் மல்லுக்கட்டினோம். 'கேர்' என்கிற சொல். எண்பத்தாறாம் ஆண்டு அது. ரவாங்கில் ஒரு எலெக்ட்ரானிக் பேக்டரியில் இருவருக்கும் ஒரே வேலை. கெர்லிங்கிலிருந்து புறப்படும் பேக்டரி பஸ்ஸில் இருவருக்கும் ஒரே சீட். அவள் ஞாயிறு தவறாமல் மாதா கோயிலில் ஆங்கிலப் பூசை கேட்கிறவள். எனக்கு ஆங்கிலம் என்றால் பேக்டரி அட்டைப்பெட்டிகளில் அச்சடித்திருப்பதுதான்.

கோலாலம்பூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் உதவித் தாதிப் பயிற்சிக்கு ஆள் எடுத்தார்கள். எழுதிப் போட்டிருந்தேன். அடுத்த ஆண்டு எனக்கு வயது வரம்பு தாண்டிவிடும். இதை விட்டால் வேறு வாய்ப்பு கிடையாது. அப்பா போன பிறகு அம்மா தனியாளாக ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார். எனக்கோ அப்பாவை ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்ட நாளிலிருந்து அந்த வெள்ளை உடுப்பின் மேல் ஒரு வெறி. பேக்டரியில் மைக்ரோஸ்கோப்புக்குள் கண்ணை விட்டுக்கொண்டு காலம் தள்ள எனக்கு மனமில்லை.

"இன்டர்வியூல பேஷண்ட் கேர்னா என்னான்னு கேப்பாங்க. போன வருசம் எங்க சித்தி மகள கேட்டாங்க. கேர்னா கேர்தான்னு சொல்லி மாட்டிக்கிட்டா. நீ வேற வேற வார்த்தையில சொல்லணும்" என்றாள் கான்ஸ்டன்ஸ்.

மடியில் அகராதியை விரித்துப் பாடம் நடத்தினாள். கேர் என்றால் அக்கறை. கவனிப்பு. ஜாக்கிரதை. கவலை. பொறுப்பு. ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் இரண்டு மூன்று மாற்றுச் சொற்கள் சொல்லித் தந்தாள். நான் முணுமுணுத்துக்கொண்டே வருவேன். முன்சீட்டுப் பெண்கள் நான் மந்திரம் ஜெபிக்கிறேன் என்று கேலி செய்தார்கள்.

"ஏண்டி, கவலையும் கவனிப்பும் எப்படி ஒரே வார்த்தையாகும்?"

"வெள்ளைக்காரனுக்கு ஒண்ணுதான் லா."

யோசித்துப் பார்த்தால் எங்கள் அம்மாவுக்கும் ஒன்றுதான். கூடவே திட்டும் சேர்ந்து வரும். 'ஐ டோன்ட் கேர்' என்பதற்கு மட்டும் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. எங்கள் சூப்பர்வைசர் டெஸ்மண்ட் அதை நாள்தோறும் முகத்திலேயே ஒட்டிக்கொண்டு வருவான்.

அகராதியின் கடைசியில் 'கேர் ஆஃப்' என்று ஒன்று இருந்தது. "இது சும்மா அட்ரஸுக்கு. இத விட்டுடு, கேக்க மாட்டாங்க" என்று கான்ஸ்டன்ஸ் பக்கத்தைத் திருப்பிவிட்டாள்.

அதைப் பற்றி அவள் எனக்குச் சொல்லித்தர என்ன இருக்கிறது? தபால்காரர் நாங்கள் குடியிருந்த எஸ்டேட் லயத்து வீடுகளுக்கு வரமாட்டார். எஸ்டேட் ஆபீசுக்குப் போட்டால் கணக்கெழுதும் கிராணியின் மேசையில் கிடந்து ஊறும். அதனால் எஸ்டேட்டில் பாதிப் பேருக்கு முகவரி ஒன்றுதான்: கேர் ஆஃப் காளியண்ணன் கடை, கெர்லிங். கலியாணப் பத்திரிகை, இந்தியாவிலிருந்து வரும் ஊர்க் கடுதாசி, பள்ளிக்கூடத்துக் கடிதம் எல்லாம் அந்த மளிகைக்கடைக்குத்தான் வரும். சாமான் வாங்கப் போகிறவர்கள் எடுத்து வருவார்கள். கடையில் டெலிபோனும் உண்டு. என் விண்ணப்பத்திலும் அதே முகவரிதான், அதே நம்பர்தான்.

ஆனால் நாங்கள் அந்தக் கடைப் படி மிதித்து ஒரு வருசத்துக்கு மேல் ஆகியிருந்தது. அப்பா படுக்கையில் கிடந்தபோது, அவர் பிழைத்து எழ வேண்டும் என்று அம்மா ஆடி வெள்ளியில் அம்மன் கோயிலில் தேங்காய் உடைத்தார். உள்ளே அழுகல். காளியண்ணன் கடையில் வாங்கிய தேங்காய். அம்மா நேரே கடைக்குப் போய், ஆட்கள் நிறைந்திருக்க, இரண்டு மூடியையும் மேசை மேல் எறிந்துவிட்டார். "தேங்காய்க்குள்ள நான் பூந்து பாக்க முடியுமா நல்லம்மா?" என்றார் அவர். அம்மா பதிலுக்குச் சொன்னதை எழுத்தில் போட முடியாது. அந்த மாதமே அப்பா போய்விட்டார். அதிலிருந்து எங்களுக்கு உப்பும் புளியும் வேறு கடையில். ஆனால் கடிதம் வந்தால் மட்டும் காளியண்ணன் பக்கத்து வீட்டு அன்னம்மா அக்காவிடம் தவறாமல் கொடுத்தனுப்பிவிடுவார். அதை நாங்கள் ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை.

இன்டர்வியூ கடிதமும் அப்படித்தான் வந்து சேர்ந்தது. போனேன். மேட்ரன் ஜோன் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். மனப்பாடம் செய்த அத்தனை சொற்களும் நாக்கு நுனியில் வரிசை கட்டி நின்றன. அவர் கேர் என்றால் என்ன என்று கேட்கவே இல்லை. பள்ளிப்படிப்பைக் கேட்டார், சம்பளத்தைக் கேட்டார், ரத்தம் கண்டால் பயமா என்று கேட்டார். பிறகு தாளைப் பார்த்துவிட்டு, "மிஸ்டர் காளியண்ணன்தானே உன் கார்டியன்?" என்றார்.

பட்டணத்துக்காரர்கள் அப்படித்தான் புரிந்துகொண்டார்கள். கேர் ஆஃப் என்று ஒருவர் பெயர் இருந்தால், அவர் வீட்டில், அவர் பாதுகாப்பில் இருக்கிற பெண் என்று கணக்கு. ஒரு மளிகைக்கடை எஸ்டேட்டுக்கே முகவரியாக இருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அதை விளக்க எனக்கு ஆங்கிலம் வரவில்லை. "யெஸ் மேட்ரன்" என்பது மட்டும் கணீரென்று வந்தது.

ஹாஸ்டலில் தங்கும் பெண்களுக்குக் கார்டியன் நேரில் வந்து பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டுமாம். வெள்ளிக்கிழமை அவரோடு வரவேண்டும். வந்தால் இடம் உனக்கு, இல்லாவிட்டால் அடுத்த பெண்ணுக்கு என்று சொல்லி அனுப்பினார்.

அம்மாவிடம் சொன்னேன். அடுப்பைப் பார்த்தபடியே, "அந்தாள் கால்ல போயி விழப்போறியா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "விழுறதுன்னா சீக்கிரம் போ, கடைய மூடிடப் போறான்" என்றார்.

காளியண்ணன் வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வெள்ளிக்கிழம எப்படி முடியும் லா? அன்னைக்குத்தான் சாமான் லோரி வரும். நான் இல்லாட்டி அரிசி மூட்டைய ரோட்டுல எறக்கிட்டுப் போயிடுவான்."

"சரி மாமா" என்று திரும்பினேன். அழுதுவிடக்கூடாது என்று பல்லைக் கடித்தேன்.

"ஏ புள்ள, சரின்னா என்ன சரி? காலைல எத்தன மணிக்கு பஸ்ஸுன்னு சொல்லிட்டுப் போ."

வெள்ளிக்கிழமை, கடை வைத்த காலந்தொட்டுப் பகலில் சாத்தாத பலகைகளைச் சாத்திவிட்டு வந்தார். வெள்ளைச் சட்டையில் பாச்சை உருண்டை வாசம் தூக்கியடித்தது. பஸ்ஸில் அவரிடம், "கேட்டா மாமான்னு சொல்லிடுங்க" என்று கெஞ்சினேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மேட்ரன் ஜோன் தமிழ்க்காரர்தான். அன்றைக்குக் காளியண்ணனைப் பார்த்ததும் ஆங்கிலத்தை விட்டுவிட்டார்.

"நீங்க இந்தப் பொண்ணுக்கு என்ன முறை?"

"முறையெல்லாம் கிடையாதும்மா. நான் மளிகைக்கடைக்காரன். எஸ்டேட்டு ஆளுங்க நெறையப் பேருக்கு நம்ம கடைக்குத்தான் கடுதாசி வரும். இதுவும் அதுல ஒண்ணு."

போச்சு, எல்லாம் போச்சு என்று தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

"அப்ப எந்த உரிமையில பொறுப்பு எடுத்துக்க வந்தீங்க?" மேட்ரன் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

காளியண்ணன் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். "இதோட அப்பனுக்காகக் கோயில்ல ஒடைச்ச தேங்கா நான் பொறுக்கிக் குடுத்ததும்மா. தட்டிப் பாத்துத்தான் குடுத்தேன். அழுகிப்போச்சு. அந்த மனுசனும் போயிட்டாரு. தேங்காயால ஒண்ணும் ஆகலன்னு எனக்குத் தெரியும். ஆனா மனசு கேக்க மாட்டேங்குது. இங்க இதுக்கு ஒரு காய்ச்சல் தலவலின்னா நம்ம கடைக்கு போன் அடிங்க. எந்த நேரமானாலும் வந்து நிப்பேன். அதுக்கு மேல எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல."

மேட்ரன் படிவத்தை எடுத்து மேசை மேல் வைத்தார். பிறகு பேனாவை அவர் பக்கம் நகர்த்தினார். "நாங்க கேக்குறதும் அவ்வளவுதான், ஐயா."

காளியண்ணன் தமிழில் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். என்னால் பார்க்க முடியவில்லை. கண் முழுக்கத் தண்ணீர். பெற்ற அப்பா உயிரோடு இருந்திருந்தாலும் அங்கே செய்யக்கூடியது அதுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

புடு ராயா பஸ் நிலையத்தில் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார். எப்படியாவது நன்றி சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுக்கிறேன், வார்த்தை வரவில்லை. எங்கள் ஆட்களுக்குள் நன்றி என்று யார் யாருக்குச் சொன்னார்கள்? மேடையில் பேசுகிறவர்கள் சொல்வது அது.

"மாமா, ஒங்களுக்கு நான் என்ன செய்யிறது?"

"ஒண்ணும் செய்ய வேணாம்." கிளாசைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். கலியாணமோ பிள்ளைகுட்டியோ இல்லாத மனிதர். ஊரில் இருந்த ஒரே அண்ணனும் செத்துப்போயிருந்தார். "இத்தன வருசமா என் பேரப் போட்டு மூட்ட மூட்டையா கடுதாசி வந்திருக்கு புள்ள. எனக்குன்னு ஒண்ணும் வந்ததில்ல. நல்லா இருக்கேன்னு ஒரு வரி எழுதிப் போடு, போதும்."

ஹாஸ்டலில் சேர்ந்த அன்று மாலையே எழுத உட்கார்ந்தேன். ஒரு வரி கேட்டவருக்கு நான்கு பக்கம் எழுதினேன். சாப்பாட்டில் உப்பில்லை என்பதிலிருந்து, மேட்ரன் என்னைப் பார்த்துச் சிரித்தது வரை எல்லாவற்றையும் எழுதினேன். பஸ் நிலையத்தில் வராத வார்த்தைகள் அதில் வந்தன. உறையின் மேல் அவர் பெயரை மட்டும் பெரிதாக எழுதினேன்.

அதற்கடுத்த வாரம் அம்மாவிடமிருந்து பதில் வந்தது. அன்னம்மா அக்கா மகள் எழுதிக் கொடுத்தது. 'உன் கடுதாசியைப் பருப்பு வாங்க வந்தவங்களுக்கெல்லாம் வாசிச்சுக் காட்டுறாராம். நானும் போய் நின்னேன். எனக்கும் முழுசா வாசிச்சுக் காட்டினார். பிறகு மறுபடியும் மொதல்லேருந்து ஆரம்பிச்சார். நான் ஒண்ணும் சொல்லல, நின்னு கேட்டுட்டு வந்தேன்.'