அட்டைக்குழாய் ஏன் வெடித்தது?

1

டமார்!

இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். முதல் வரியிலேயே வாசகர் நாற்காலியிலிருந்து துள்ள வேண்டும் என்பது வாரப் பத்திரிகை வேதம். பதினாறு வருடமாகத் துள்ள வைக்கிறேன். கொலை, கள்ளக் கடிதம், கதவைத் தட்டும் மர்ம மனிதர் என்று கைச்சரக்கு எல்லாம் தீர்ந்துபோன நேரத்தில், நிஜமாகவே ஒரு டமார் என் முன்னால் வந்து விழுந்தது. நானும் விழுந்தேன். மல்லாக்க.

ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதையை என் தங்கை கணவரின் பிழைப்பிலிருந்து சுட்டேன். மாப்பிள்ளை எஃகு வார்க்கும் ஆலையில் உலைக்காரர். சுருக்கமாகச் சொன்னால் காய்ச்சல் பார்க்கிற வேலை. நோயாளிதான் கொஞ்சம் முரடு: இரண்டு டன் உருகிய எஃகு, ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் டிகிரி.

"நாக்குக்கடியில வைக்கலாம்னா இதுக்கு நாக்கே கிடையாது மச்சான், வெறும் வாய்தான்" என்பார்.

2

இந்த இடத்தில் கொஞ்சம் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது. பக்கத்தைத் திருப்பாதீர்கள், பரீட்சை கிடையாது.

ஆளுயரத்துக்கும் மேலே நீண்ட ஓர் இரும்புக் கம்பி. அதன் முனையில் ஓர் அட்டைக்குழாய். சத்தியமாக அட்டைதான். குழாயின் மூக்கில் சுண்டுவிரல் நகமளவு ஒரு சாமான். சூட்டை உணர்வது அதுதான். உலைக்குள் விட்டு நான்கு விநாடி பிடித்தால் சுவரில் உள்ள பலகையில் எண் வரும். அத்தோடு குழாயின் ஆயுள் முடிந்தது. கருகியதைக் கழற்றி எறிந்துவிட்டு, அடுத்த முறைக்குப் புதுக்குழாய்.

மாதிரி எடுக்கவும் இதே போல ஒரு குழாய் உண்டு. அதன் முனையில் சின்ன அச்சு. எஃகு அதற்குள் புகுந்து உறைந்து, குச்சி மிட்டாய் போல வெளியே வரும்.* அதைச் சோதனை அறைக்கு அனுப்பினால் கரி இவ்வளவு, மாங்கனீசு இவ்வளவு என்று ஜாதகம் கணித்துக் கொடுப்பார்கள்.

(*நக்கிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அதன் பிறகு ஆசிரியருக்குக் கடிதம் எழுத முடியாது. எல்லாரும் முயன்றால் எனக்கு நிம்மதி.)

ஒரே ஒரு விதி. குழாயில் ஈரம் கூடாது. உள்ளே போன ஈரம் நொடியில் ஆவியாகி வெளியே வர வழி தேடும். வழியில் நிற்கும் எஃகையும் கூட்டிக்கொண்டு வரும். அதுதான் டமார். அதனால் மாப்பிள்ளை குழாய் அலமாரியை வெதுவெதுப்பான சுவரோரம் வைத்து, மேலே சாக்பீசால் எழுதியிருக்கிறார்: "இங்கே தண்ணி குடிக்காதே. வேர்வையைக்கூட அப்பால் போய்த் துடை."

3

கதையின் முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

அன்று காலை அடைமழை. நான் குடையும் கையுமாக ஆலைக்குள் நுழைந்து—

வேண்டாம். வானிலை அறிக்கையில் தொடங்கிய கதை உருப்பட்டதாகச் சரித்திரம் இல்லை.

இரண்டாவது வரைவு: உலையின் செவ்வாய் திறந்தது, காதலியின்—

இது ஆசிரியருக்குப் பிடிக்கும். என் மனைவிக்குப் பிடிக்காது. இரண்டாமவர் சமைக்கிறார்.

மூன்றாவது: நடந்ததை நடந்தபடி. ஆலை மேனேஜர் என் தொடர்கதைகளின் ரசிகர். கதைக்கு விவரம் சேகரிக்க வேண்டும் என்றதும் அவரே அனுமதி கொடுத்தார். "மச்சான், மஞ்சக் கோட்டத் தாண்டாதீங்க" என்றார் மாப்பிள்ளை. நான் தாண்டவில்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம், அலமாரியை ஒட்டி நின்றேன். குறிப்பெடுக்க இரண்டு கையும் தேவைப்பட்டதால், பிடித்திருந்ததை அங்கே இருந்த கொக்கியில்—

தேவையற்ற விவரம் கதைக்குப் பகை. அடித்துவிட்டேன்.

மாப்பிள்ளை அலமாரிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டி ஒரு குழாயை உருவினார். பதினொரு வருடப் பழக்கம். கை தானாகப் போகும். கம்பியில் செருகினார். உலைக்குள் தோய்த்தார்.

டமார்.

முகக்கவசம் முகத்தைக் காப்பாற்றியது. கையுறைக்கும் சட்டைக்கைக்கும் நடுவே இருந்த நான்கு விரற்கடை இடத்தைக் காப்பாற்ற யாரும் இல்லை.

இப்போது அவர் வலது கையில் முழங்கை வரை கட்டு. வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஈரக்குழாயைக் கவனக்குறைவாக வைத்திருந்ததாகக் குற்றச்சாட்டு. நாளைக் காலை பத்து மணிக்கு விசாரணை. குற்றம் உறுதியானால் வேலை போய்விடும். என் தங்கை பேச்சைக் குறைத்துவிட்டாள். அவளைத் தெரிந்தவர்களுக்கு, அது உலை வெடித்ததைவிடப் பெரிய செய்தி.

4

ஆசிரியரிடம் இதுவரை எழுதியதைப் போனில் படித்தேன்.

"பாத்திரம் ஒட்டலையேய்யா. வேர்வையைத் துடைக்கிறதுக்கே போர்டு எழுதி வச்சவன், ஈரக்குழாயை வச்சிருப்பானா? வாசகர் நம்மளக் கேனையன்னு நினைப்பாங்க."

"அவசரத்துல நடந்திருக்கலாம் சார்."

"சரி, எடுத்தது அவசரம். நனைச்சது யாரு? எனக்கு வில்லன் வேணும். ரெண்டு பக்கத்துக்குள்ள வேணும்."

வில்லன் தேடினேன்.

கூரை ஒழுகியது என்று வைத்துக்கொள்ளலாமா? தங்கையிடம் கேட்டேன். "போன மாசம்தான் கூரை முழுக்கப் புதுத் தகடு போட்டாங்க" என்று முடித்துவிட்டாள்.

சூப்பர்வைசர்? மீசை அமைப்பு வில்லனுக்கு எடுப்பானது. ஆனால் வெடித்ததும் முதலில் தண்ணீர் கொண்டுவர ஓடியவர் அவர்தான். மாப்பிள்ளை கையில் ஊற்றிக்கொண்டே குழந்தை மாதிரி அழுதார். ஒரே அழுகையில் என் வில்லனைக் கெடுத்துவிட்டார், பாவி.

விதி? விதியின் மேல் பழி போட்டால் அது மறுப்புக் கடிதம் அனுப்பாது. ஆனால் விதியை விசாரணைக்குக் கூப்பிட முடியாதே.

தங்கை என் மேசையருகே வந்து நின்றாள்.

"அண்ணா, அன்னைக்கு அந்த அலமாரிப் பக்கம் யாரு யாரு போனாங்க?"

"கூட்டமா இருந்துச்சும்மா. யாரைன்னு சொல்றது?"

"அவரு, சூப்பர்வைசர், நீ. மூணு பேரு கூட்டமா?"

"இடம் சின்னது."

அவள் திரும்பி உள்ளே போய்விட்டாள். முன்பே சொன்னேனே, பேச்சைக் குறைத்துவிட்டாள்.

5

[இந்தப் பகுதி நீக்கப்பட்டது. கதைக்கும் கதை எழுதுகிறவன் எங்கே நின்றான், எதை எங்கே மாட்டினான் என்பதற்கும் சம்பந்தம் இல்லை.]

6

இனி முடிவுகள். மூன்று தயாராக இருக்கின்றன.

முடிவு ஒன்று: விசாரணையில் மாப்பிள்ளை வெடித்துப் பேசுகிறார். எல்லாரும் கைதட்டுகிறார்கள். (மாப்பிள்ளை மேலதிகாரிகள் முன்னால் ஒரு வாக்கியத்துக்கு நான்கு சொல்லுக்கு மேல் செலவழிக்காதவர். மேலும், 'வெடித்து' என்ற சொல் இந்த வாரம் வேண்டாம்.)

முடிவு இரண்டு: வேலை போகிறது. மாப்பிள்ளை தலைநிமிர்ந்து வெளியே நடக்கிறார். சூரியன் உதிக்கிறது. (தலைநிமிர்ந்தால் வாடகை குறையுமா என்று தங்கை கேட்பாள்.)

முடிவு மூன்று: கதவு திறக்கிறது. நிஜக் குற்றவாளி உள்ளே வந்து, "அவர் மேல தப்பில்ல சார். அலமாரியில ஈரத்தக் கொண்டுவந்தது—"

பேனாவில் மை இருந்தது. எனக்குத்தான் வறண்டுவிட்டது.

மேனேஜர் முகம் நினைவுக்கு வந்தது. என் தொடர்கதையை வெட்டி, கோப்பில் ஒட்டி வைத்திருக்கிற மனிதர். அடுத்து தங்கையின் முகம். அதற்கு மேல் யார் முகத்தையும் வரவிடவில்லை.

ஆகவே, அன்பு வாசகரே, முடிவை உங்கள் கையில் ஒப்படைக்கிறேன். மூன்றில் பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள். இதற்குப் 'புதுமை' என்று பெயர். இப்படி எழுதினால் வாசகருக்குப் பெருமை. எழுதுகிறவன் நைசாக நழுவிவிடலாம்.

அவ்வளவுதான். முற்று—

7

முற்றவில்லை. அந்தச் சொல்லை எழுதி முடிப்பதற்குள் மாப்பிள்ளை வந்துவிட்டார்.

"கதை ஆச்சா மச்சான்?"

"ஆச்சு மாப்ள. சும்மா கற்பனைதான்."

இடது கையால் தாள்களை வாங்கினார். நின்றபடியே படித்தார். குச்சி மிட்டாயில் சிரித்தார். சூப்பர்வைசர் மீசையில் இன்னும் கொஞ்சம். மூன்றாம் பகுதியில் நான் அடித்த வரிகளை மட்டும் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, நிதானமாகப் படித்தார். அடித்தாலும் தெரிகிற மாதிரி அடிப்பது என் கெட்ட பழக்கம்.

தாள்களை அடுக்கி மேசைமேல் வைத்தார். கதவுக்குப் பின்னால் போனார். வரும்போது அங்கே சாத்தி வைத்திருந்த ஒன்றை எடுத்து வந்து, கட்டுப்போட்ட கையின் இடுக்கில் வைத்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தார். கறுப்புத் துணி, மரப்பிடி. பிடியில் என் பெயரின் முதலெழுத்து.

"உங்க குடை, மச்சான். அலமாரிக் கொக்கியில சொட்டச் சொட்டத் தொங்குச்சு. சூப்பர்வைசர் தண்ணிக்கு ஓடினப்ப, யாரும் பாக்கறதுக்குள்ள நான்தான் எடுத்து ஒளிச்சு வச்சேன். நாளைக்குப் பத்து மணிக்கு எங்கயாவது கிளம்பறதா இருந்தா தேவைப்படுமேன்னு கொண்டு வந்தேன்."