சிவப்பு அட்டை மாட்டிய அத்தியாயம்

அந்த மருத்துவமனைத் தொடர் முடிந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. வருஷக்கணக்காக டாக்டரும் நர்ஸும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கடைசி நாளில் டாக்டர் ஒருவழியாக வாயைத் திறந்து, எக்ஸ்ரே வந்துவிட்டதா என்று கேட்டார். அத்தோடு திரையில் பெயர்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. இதற்காகவா நான் கண்ணாடிக் கடையில் வாடிக்கையாளர் மூக்கில் அரைகுறையாக ஃபிரேமை மாட்டிவிட்டுத் தினமும் வீட்டுக்கு ஓடி வந்தேன்? எழுதின புண்ணியவான் கையில் கிடைத்திருந்தால் நாலு கேள்வி கேட்டிருப்பேன். கிடைக்கவில்லை. அதனால் மிச்சக் கதையை நானே எழுதினேன்.

என்னைப் போல வயிறு எரிந்தவர்கள் நிறைய. எல்லோரும் சேர்ந்து இணையத்தில் ஒரு குழு வைத்து, அவரவர் மனம்போல அந்தத் தொடரை நீட்டிக்கொண்டிருந்தோம். ஒருத்தர் கதையில் டாக்டருக்கு இரட்டைக் குழந்தை, இன்னொருத்தர் கதையில் டாக்டரே இல்லை, போய்ச் சேர்ந்துவிட்டார். குழப்பம் தாங்காமல் ஒரு வாக்கெடுப்பு வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் வந்து சேரும் கதைகளில் எது ஜெயிக்கிறதோ அதுதான் இனி எல்லோருக்கும் உண்மையான முடிவு. மாற்றி எழுதினால் குழுவை விட்டு நீக்கம். எனக்குச் சரியான போட்டி, ‘மழைத்துளி’ என்ற பெயரில் எழுதும் ஒருத்தி. அவள் நர்ஸை ஒரு விமானிக்குக் கட்டிவைத்துவிட்டாள். தொடரில் ஆகாயத்தைக்கூட ஒழுங்காகக் காட்டியதில்லை, இவளுக்கு விமானி எங்கிருந்து கிடைத்தான்? அந்த டாக்டர் மனதில் இருப்பதைச் சொல்லாமலே போய்விடுவாரோ என்று எனக்கு நிஜமாகவே தூக்கம் வரவில்லை.

போட்டிக்கு ஒரு நிபந்தனை இருந்தது. எங்கள் குழுவில் எதை எழுதினாலும் ‘அருமை தோழி, அடுத்தது எப்போது’ என்றுதான் பதில் வரும். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆகவே, தொடரை ஒருநாள்கூடப் பார்த்திராத ஒருவர் கதையை முழுசாகப் படித்து, குறையை முகத்துக்கு நேராகச் சொல்லி, சரியானபின் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். எனக்குத் தெரிந்து உலகத்தில் அப்படி ஒரே ஒரு ஆள்தான், என் அக்கா வீட்டுக்காரர். தொடர் ஓடும் நேரத்தில் அத்தான் ஏதாவது ஒரு கட்டடத்தில் லிஃப்டின் தலைமேல் ஏறி நின்றுகொண்டிருப்பார். அவர் லிஃப்ட் இன்ஸ்பெக்டர். சோதிக்காத எதற்கும் கையெழுத்துப் போடமாட்டார். கல்யாணப் பதிவேட்டையே இரண்டு தரம் வாசித்துவிட்டுத்தான் போட்டார் என்று அக்கா இன்னும் சொல்லிக் காட்டுவாள்.

என் கதை இதுதான். டாக்டரும் நர்ஸும் லிஃப்டில் ஏறுகிறார்கள். கயிறு அறுந்து, கரண்டும் போய், ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிடுகிறது. விடியும்வரை யாரும் வரவில்லை. விடிந்ததும் டாக்டர் சொல்லிவிடுகிறார். அத்தான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, வரிக்கு வரி விரலை வைத்து, தலையை ஆட்டிக்கொண்டே படித்தார். கயிறு அறுந்த இடத்தில் விரல் நின்றது. எழுந்துபோய்த் தன் பையிலிருந்து ‘பயன்படுத்தக் கூடாது’ என்று அச்சடித்த சிவப்பு அட்டை ஒன்றை எடுத்துவந்து, அந்தப் பக்கத்தில் கிளிப் போட்டு மாட்டி, காகிதக் கட்டை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

மிச்சத்தையும் படிக்கச் சொன்னேன்.

“அட்டை மாட்டின லிஃப்ட்ல யாரும் ஏறக் கூடாதும்மா. நானும்தான்.”

விளையாடுகிறார் என்று நினைத்தேன். அத்தானுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. லிஃப்டுக்கு ஒரு கயிறா இருக்கும், ஒன்று போனாலும் மற்றது தாங்காதா, கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று அடுக்கினார். எனக்குக் கோபம் வந்து, இது கதை, நிஜமில்லை என்று கத்தினேன்.

“கதையா இருந்தா என்ன? உள்ள ரெண்டு பேர் இருக்காங்கல்ல?”

அந்த இரண்டு பேருக்காக என் குழுவில் ஒருத்தரும் இப்படிப் பதறியதில்லை. எரிச்சலும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன.

திருத்த உட்கார்ந்தேன். கயிறுகளைப் புதுசாக மாற்றி, கரண்ட் மட்டும் போனதாக வைத்தேன். கரண்ட் போனால் பேட்டரி லிஃப்டைப் பக்கத்து மாடிக்குக் கொண்டுபோய்க் கதவைத் திறந்துவிடும் என்று இன்னொரு அட்டை வந்தது. பேட்டரியை வைத்து, அதைப் பழுதாக்கினேன். அப்படியானால் அலாரம் எங்கே என்றார். அலாரம் வைத்தேன், அடித்தால் யார் வருவார்கள் என்று கேட்டார். ஒரு வாட்ச்மேனை வேலைக்குச் சேர்த்து, அவனுக்குச் சாவியும் பயிற்சியும் கொடுத்தேன். சுவரில் எத்தனை பேர் ஏறலாம் என்ற பலகையைக்கூட ஒட்டினேன். ஒவ்வொரு தரமும் லிஃப்ட் தேறிக்கொண்டே வந்தது, டாக்டருக்கு இருந்த நேரம் குறைந்துகொண்டே போனது. அவர் தொண்டையைச் செருமுவதற்கே அரை எபிசோட் எடுத்துக்கொள்கிற மனுஷன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அத்தான் முகத்தில் முதல்முறையாகத் திருப்தி தெரிந்தது. கடைசி வடிவத்தில் அவர்கள் லிஃப்டில் ஏறினார்கள், ஆறாம் மாடி வந்தது, கதவு திறந்தது, நர்ஸ் வார்டுக்குப் போய்விட்டாள். ஒரு குறையும் இல்லை, கதை பிரமாதம் என்று சொல்லிப் பேனா மூடியைத் திறந்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. டாக்டர் ஒன்றுமே சொல்லவில்லையே என்றேன். யார், யாரிடம், என்ன சொல்லவேண்டும் என்று அத்தான் கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சிவப்பு அட்டைக்கு அப்பால் அவர் ஒருநாளும் போனதில்லை. இத்தனை நாளும் என் கதையை ஒரு மருத்துவமனை லிஃப்டைப் பழுதுபார்த்த கதை என்றே நினைத்திருக்கிறார்.

எல்லாவற்றையும் சொன்னேன். வருஷக்கணக்கான பார்வை, எக்ஸ்ரே, விமானி, சாயங்காலக் கெடு. அத்தான் பேனாவை மூடி வைத்தார்.

“நல்ல லிஃப்ட் நடுவுல நிக்கணும்னா ஒரே வழிதான் இருக்கு. இன்ஸ்பெக்டர் லிஃப்டோட கூரைமேல ஏறி, அவரே பட்டனை அமுக்கி நிறுத்தணும். அப்ப உள்ள ஆள் இருக்கக் கூடாது, அது தப்பு. நான் சர்வீஸ்ல பண்ணாத தப்பு. கதையிலதானே, ஒண்ணு பண்ணிக்கறேன்.”

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். டாக்டரும் நர்ஸும் உள்ளே. கூரைமேல் ஹெல்மெட்டோடு அத்தான், காது கேட்காத மாதிரி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு. ஐந்தாம் மாடி தாண்டியதும் பட்டனை அமுக்குகிறார். டாக்டர் சொல்லிவிடுகிறார். கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. காகிதத்தையும் பேனாவையும் அத்தான் முன்னால் தள்ளினேன்.

அவர் விரலை வைத்துப் படித்தார். முடித்துவிட்டு, திரும்ப மேலே போய் மறுபடி படித்தார். கையெழுத்துப் போடுகிறேன், தப்பில்லை, லிஃப்ட் சரியாக இருக்கிறது என்றார். ஆனால் பேனா காகிதத்தில் படவில்லை.

“ரெண்டு வரிதான் பேசறான். வருஷக்கணக்கா வெச்சிருந்தது இவ்வளவுதானா? அவசரப்படாம பேசச் சொல்லும்மா. நான் பட்டனை அமுக்கிப் பிடிச்சிட்டு இருக்கேன்.”

அவர் சொன்னது உண்மை. அந்த இரண்டு வரியை நான் கெடுவுக்குப் பயந்து எழுதியிருந்தேன், டாக்டருக்காக எழுதவில்லை. அப்படியே அனுப்பிவிடலாமா என்று ஒரு கணம் கை பரபரத்தது. பிறகு காகிதத்தை இழுத்துக்கொண்டு, அந்த இரண்டு வரியையும் அடித்துவிட்டுப் புதிதாக எழுத ஆரம்பித்தேன்.

சாயங்காலம் போய்விட்டது. மழைத்துளி ஜெயித்துவிட்டாள், ஊரறிய நர்ஸ் விமானியைக் கட்டிக்கொண்டாள், டாக்டர் கதையை நிறுத்தமாட்டேன் என்றதால் என்னைக் குழுவை விட்டு நீக்கிவிட்டார்கள். நாங்கள் இன்னும் சாப்பாட்டு மேசையில்தான் இருக்கிறோம். அத்தான் ஒரு கையை மேசைமேல் அழுத்தி வைத்தபடி காத்திருக்கிறார், டாக்டர் பேசிக்கொண்டே இருக்கிறார்.