பாதிரிக்கு வந்த வெள்ளைப்புள்ளி

எங்கள் ஊரில் நோயாளிக்குப் பூ கொடுப்பார்கள். கடல்மீன் வளர்ப்போர் சங்கத்துக்காரர்களுக்கு அந்தப் புத்தியெல்லாம் கிடையாது. என் கணவர் சீட்சேவுக்கு இதய அறுவை சிகிச்சை என்றதும், ஆளுக்கொரு உயிருள்ள பவளத்துண்டை அது ஒட்டி வளரும் கல்லோடு கொண்டுவந்து என் கையில் திணித்தார்கள். நானும் மனம் குளிர்ந்து எல்லாவற்றையும் வரவேற்பறை மீன்தொட்டிக்குள் வைத்தேன். அந்தக் கற்களில் ஏதோ ஒன்றில்தான் ஒட்டுண்ணி வந்து சேர்ந்திருக்கிறது.

சீக்கிரமே பாதிரியின் உடம்பில் ரவை தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். பாதிரி என்பது மஞ்சள் வால் கொண்ட ஊதா மீன். பிரசங்கம் செய்யும் பாதிரிபோல் ஓயாமல் உலாவிக்கொண்டு எல்லாரையும் முறைக்கும். அதனால் சீட்சே வைத்த பெயர் அது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் செல்லம் அதுதான். அறுவை முடிந்து மயக்கம் தெளிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி என்னைப் பற்றி இல்லை.

"பாதிரி சாப்பிடுதா?"

"நல்லா சாப்பிடுது" என்றேன். அன்றைக்கு அது உண்மை. புள்ளி வந்த பிறகும் தினமும் அதையே சொன்னேன். அவர் பதறக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

சீட்சேவின் வைத்தியம் பூண்டு. இரையைப் பூண்டுச் சாற்றில் ஊறவைத்தால் எந்த ஒட்டுண்ணியும் ஓடிவிடும் என்பார். உரித்தேன், நசுக்கினேன், வீடே நாறியது. மீனும் சாப்பிட்டது, புள்ளியும் பெருகியது. பாறையில் உடம்பை உரசிக்கொண்டு, செவுள் படபடக்க மூச்சு வாங்கியது.

பூண்டு வெறும் வாசனை என்று சங்கக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொன்னவர் வெஸ்ஸல். அன்றோடு அவருக்கும் சீட்சேவுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது. பவளம் கொடுக்க வராத ஒரே ஆளும் அவர்தான். வெட்கத்தை விட்டு அவருக்கே போன் செய்தேன். என் காபி ஆறுவதற்குள் வந்து நின்றார்.

"இதுலயே மருந்து ஊத்திடலாமா?" என்று கேட்டேன்.

"ஊத்தினா பாதிரி பிழைக்கும். பவளம், இறால் எல்லாம் பரலோகம் போயிடும். அது செம்பு மருந்து. மீன்களை மட்டும் எங்க வீட்டுக்குக் கொண்டுபோறேன். இங்க மீனே இல்லாம கிடந்தா ஒட்டுண்ணி பட்டினியில சாகும்."

"வலையைக் கண்டாலே பாறைக்குள்ள ஓடிடுமே."

"வலை எதுக்கு? உங்க கையில சாப்பிடுமில்ல?"

ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பெட்டியை இறக்கி, உள்ளே கடல்பாசித் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தோள் கழன்றுவிடும்போல் வலித்தது. கடைசியில் பாதிரி என்னை நம்பி உள்ளே வந்தது. மூடியை அழுத்தும்போது பாவம் செய்ததுபோல் இருந்தது. கூட இருந்த இரண்டு கோமாளி மீன்களையும் அப்படியே பிடித்தோம்.

பள்ளி விடுமுறை வந்தது. ஊரே காருக்குப் பின்னால் கேரவன் என்ற வண்டி வீட்டை இழுத்துக்கொண்டு பிரான்சுக்குக் கிளம்பியது. வெஸ்ஸலின் கேரவன் மட்டும் வாசலிலேயே நின்றது. டயர் கோளாறு என்றார், நம்பினேன். அவர் மனைவி ஆக்கேதான் போட்டு உடைத்தாள்.

"டயரும் இல்ல, ஒண்ணும் இல்ல. செம்பு குறைஞ்சா பூச்சி சாகாதாம், கூடினா மீன் செத்துடுமாம். தினமும் தண்ணிய சோதிக்கணும், அதையும் அவரேதான் செய்யணும். நான் வாசல்ல கேரவனுக்குள்ள உக்காந்து பிரான்ஸ்னு நினைச்சுக்கிட்டு ரொட்டி தின்னுட்டிருக்கேன்."

கேட்காமலே தன் விடுமுறையைக் கொடுப்பவரையா ஆறு வருஷம் தெருவில் கண்டும் காணாமல் போனோம்?

சீட்சே வீடு திரும்பினார். செருப்பைக்கூடக் கழற்றாமல் தொட்டி முன் போய் நின்றார்.

"எங்க?" என்றார். முகம் வெளுத்துவிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது.

"சாகல! சாகல! வெஸ்ஸல் வீட்டுல இருக்கு" என்று எல்லாவற்றையும் கொட்டினேன், ஓடாத கேரவன் உட்பட. அவர் திரும்பி வாசலுக்கே நடந்தார்.

"ஹிஸ்கே, காரை எடு" என்றார்.

வெஸ்ஸலின் கார் கொட்டகையில், வெறும் கண்ணாடித் தொட்டியில், பாதிரி ஒரு புள்ளி இல்லாமல் எங்களை முறைத்தது. வெஸ்ஸல் தப்பு செய்தவர்போல் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"பூண்டு போட்டியா?" என்றார் சீட்சே.

"போட்டேன். மருந்துல பசி செத்துப்போச்சு அதுக்கு. உன் பூண்டு வாசனைக்குத்தான் வாயைத் திறந்துச்சு."

"ஆனா பூச்சி செத்தது உன் செம்புல."

"ஆமா."

அவ்வளவுதான். அந்தச் சண்டை முடிந்துவிட்டது. "வெஸ்ஸல், உங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்லப்போறேன்" என்று ஆரம்பித்து அழுதுவிட்டேன். சீட்சே அழவில்லை. செம்பு அளவைச் சோதிக்கும் குழாயைக் கையில் எடுத்தார்.

"எத்தனை துளி விடணும்?"

"உனக்கெதுக்கு? நெஞ்சைக் கிழிச்சுத் தைச்சிட்டு வந்திருக்க. போய்ப் படு."

"வண்டி ஓட்டத்தான் கூடாது. துளி விடலாம். எங்க தொட்டி தயாராகுற வரைக்கும் இவ என்னை தினமும் கூட்டிட்டு வருவா. கொட்டகைச் சாவியைக் குடு."

வெஸ்ஸல் சாவியைக் கழற்றிச் சீட்சேவின் உள்ளங்கையில் வைத்து, கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

நான் வெளியே ஓடிக் கேரவன் கதவைத் தட்டினேன். ஆக்கே ரொட்டியும் கையுமாக எட்டிப் பார்த்தாள்.

"என்னாச்சு? மீன் போயிடுச்சா?"

"இல்ல ஆக்கே, நீங்கதான் போறீங்க" என்றேன். "பிரான்சுக்கு."