மேலே மூன்று, கீழே இரண்டு

எனக்கு மூக்கின்மேல் கோபம் என்று சொல்வார்கள். பொய். உலோகத்தில் எழுத்து வெட்டுகிறவனுக்குக் கோபம் வந்தால் உளி வழுக்கும். அதனால் வேலை நேரத்தில் அடக்கிவைத்து மீதி நேரத்தில் செலவழிக்கிறேன், அவ்வளவுதான்.

என் மகளுக்கும் வரப்போகும் மாப்பிள்ளைக்கும் பரிசாக ஒரு வெள்ளித் தட்டு. இருவர் பெயரின் முதல் எழுத்தையும் பின்னிப் பிணைத்து நடுவில் வெட்டியிருந்தேன். இந்தப் பின்னலுக்கு ஒரு முறை உண்டு. குறுக்கிடும் இடத்தில் ஓர் எழுத்து மேலே போனால், அடுத்த இடத்தில் அது கீழே போக வேண்டும். அப்போதுதான் கட்டிப்பிடித்த மாதிரி இருக்கும். இல்லையென்றால் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கிடக்கும்.

சம்பந்தி பிரம்பு நாற்காலி பின்னுபவர். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று எண்ணியே விரல் தேய்ந்தவர். கல்யாண நாள் பேச என் பட்டறைக்கு வந்தவர் தட்டைக் கையில் வாங்கினார், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு விரலால் தடவினார்.

"அஞ்சு இடத்துல குறுக்க வருது. மூணுல உங்க பொண்ணு மேல. ரெண்டுலதான் என் பையன்."

ஐந்தைச் சரிபாதியாக்க யாராலும் முடியாது என்றேன். அப்படியானால் ஆறாக்குங்கள், கல்யாண நாளை அப்புறம் குறிக்கலாம் என்று எழுந்து போய்விட்டார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற மனுஷன்.

மகள் அழுதாள். ஒரு கோட்டுக்காகத் தன் கல்யாணம் நிற்க வேண்டுமா என்று கேட்டாள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த மூன்று தற்செயல் இல்லை. முதலில் யார் மேலே என்று முடிவு செய்தது நான்தான். இருபத்தாறு வருடம் கூட இருந்தவள் போகப்போகிறாள். போகிற இடத்தில் கீழே போய்விடக் கூடாதே என்று எனக்குப் பயம்.

வெட்டியதை ஒட்டவைக்க முடியாது, புதிதாக வெட்டிச் சேர்க்கத்தான் முடியும். மறுநாள் சம்பந்தியை அழைத்து உட்காரவைத்து, அவர் கண்ணெதிரே மாப்பிள்ளை எழுத்துக்கு வலப்பக்கம் ஒரு வாலை நீட்டி, மகள் எழுத்தின்மேல் ஏற்றினேன். மூன்றுக்கு மூன்று. அவர் முகம் மலர்ந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் வலப்பக்கம் வால் வந்ததும் இடப்பக்கம் மொட்டையாகத் தெரிந்தது. அதை அப்படியே விட்டால் எனக்குச் சோறு இறங்காது. மகள் எழுத்துக்கு இடப்பக்கம் ஒரு சுருள் போட்டேன். அது வேறெங்கே போகும், மாப்பிள்ளையின்மேல்தான் ஏறியது.

"நாலுக்கு மூணு" என்றார் சம்பந்தி.

கீழே ஒரு கொடியை இறக்கி நாலுக்கு நாலாக்கினேன். இப்போது மேலே வெறிச்சென்று இருப்பதாக அவரே சொன்னார். கண் பழகிவிட்டது மனுஷனுக்கு. பிறகு பென்சிலைப் பிடுங்கி, பிரம்பாக இருந்தால் இந்த இடத்தில் இப்படி வளைப்பேன் என்று வரைந்து காட்ட ஆரம்பித்தார். மதியச் சாப்பாடு மறந்தது. ஒரே பூதக்கண்ணாடிக்கு இரண்டு தலையும் முட்டிக்கொண்டன. சாயங்காலம் பதினொன்றுக்குப் பதினொன்றில் நிறுத்தினோம். தட்டில் ஊசி குத்த இடமில்லை. அவர் என் தோளில் கைபோட்டு, அடுத்த மாதமே கல்யாணத்தை வைத்துவிடலாம் என்றார். எனக்கு உயிர் வந்தது.

மகளும் மாப்பிள்ளையும் பார்க்க வந்தார்கள். மகள் தட்டை வெளிச்சத்தில் பிடித்தாள், திருப்பினாள், தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தாள்.

"இதுல என் எழுத்து எதுப்பா?"

விரலை நீட்டினேன். ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டே போனேன். பாதி வழியில் அது யாருடையது என்று எனக்கே குழம்பியது. வேறொன்றைப் பிடித்தேன். என் கையால் வெட்டிய தட்டில், என் மகளை மட்டும் என்னால் தனியாக எடுக்க முடியவில்லை. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அழுதுவிட்டேன்.

சம்பந்தியின் விரலும் தட்டின்மேல்தான் அலைந்துகொண்டிருந்தது.

"என் பையனையும் காணோம் சம்பந்தி" என்றார்.