தொண்ணூறாம் நாள்

லாரியில் டிரைவருக்குப் பக்கத்து இருக்கையின் கீழே, சிமெண்ட் சாக்கைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு குறுகிக் கிடந்தான் கயிற்றுக்காரன். துறைமுக வாசலில் காவலர் டிரைவரிடம் இரண்டு வார்த்தை பேசினார். அதற்குள் இவனுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

வேலைக்கு வராதே என்றால் காலை நீட்டிப் படுத்துத் தூங்குவதுதான் ஊர் வழக்கம். இவனோ வேலைக்குத் திருட்டுத்தனமாக வருகிறான்.

துறைமுக விரிவாக்கத்தில் இவன் ஏழு வருடமாகத் தற்காலிகம். எண்பத்தொன்பது நாள் வேலை. தொண்ணூறாம் நாள் வாசல் அட்டை செல்லாது. மறுநாள் புதுக் கடிதம், மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். தொண்ணூறு நாள் தொடர்ந்து வேலை செய்துவிட்டால் நிரந்தரம் கேட்டுவிடுவார்களாம். தன் தொண்ணூறாம் நாளில் யாராவது உள்ளே தென்பட்டால் புதுக் கடிதம் கிடையாது. ஆட்கள் அதை 'ஒரு நாள் சாவு' என்று கேலி செய்வார்கள். "நாளைக்குச் செத்துட்டு நாளன்னைக்கு வரேன்டா" என்பார்கள். சிரிப்பார்கள். கடிதம் கைக்கு வரும்வரை ஒருவருக்கும் சோறு இறங்காது.

இவன் வந்த காரணம் தண்ணீருக்குள் இருந்தது. அக்காவின் கணவர் முக்குளிப்பவர். புதுச் சுவரின் அடிக்கற்களை இருட்டுச் சேற்றில் கையால் தடவிப் பார்த்துச் சொல்வது அவர் வேலை. அவர் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை இவன் கையில். ஒரு இழுப்பு, நலம். இரண்டு, இன்னும் கயிறு விடு. மூன்று, தூக்கு. போன தொண்ணூறாம் நாளில் இவனுக்குப் பதிலாக நின்ற சிமெண்ட் கலவைக்காரன், கயிற்றைக் கம்பியில் கட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். கீழே கால் சிக்கி, கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தவர், கடைசியில் செருப்பைப்போலக் கால் தோலையும் கழற்றிவிட்டு மேலே வந்தார். அக்காவிடம் வழுக்கி விழுந்ததாகச் சொன்னார்கள்.

இன்று மறுபடியும் தொண்ணூறாம் நாள். இவன் கேட்ட மாத்திரத்தில் கலவைக்காரன் கயிற்றையும் தலைக்கவசத்தையும் கொடுத்துவிட்டான். "உன் மாமாவ நீயே பாத்துக்க, எனக்கு அந்தக் கயிறே பயம்" என்றான்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பத்து மணிக்கு மேற்பார்வையாளர் வேகவேகமாக வந்தார். வந்தவர் அப்படியே நின்றார்.

"யோவ்! நீ இன்னைக்கு இல்லியே?"

இவன் தலைக்கவசத்தை இன்னும் கீழே இழுத்துவிட்டான்.

"மேலதிகாரிங்க படம் எடுத்துக்கிட்டே வராங்க. தேதி போட்டு எடுப்பாங்கய்யா. உன் மூஞ்சி விழுந்தா அவ்வளவுதான், உனக்கு மட்டுமில்ல, எனக்கும். கயித்த அந்தக் கலவைக்காரன்கிட்ட குடுத்துட்டு லாரிக்குப் பின்னால போ. நான் உன்னப் பாக்கல, போ."

நல்ல மனிதர். இதற்கு மேல் யாரும் சொல்ல மாட்டார்கள். சுவர் முனையில் நான்கு வெள்ளைத் தலைக்கவசங்கள் தெரிந்தன. இரண்டு பிள்ளைகள், வாடகை வீடு, ஏழு வருடம். ஓட வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டான். வெட்கமில்லாமல் ஆசைப்பட்டான். கலவைக்காரன் கையை நீட்டினான். இவனும் கயிற்றை நீட்டினான்.

அப்போது கயிறு ஒருமுறை இழுபட்டது.

நலமாக இருக்கும். இருக்க வேண்டும். ஆனால் இழுப்பு வரும் நேரத்தில் கயிறு கைமாறக் கூடாது. மூன்றில் ஒன்று தவறினால் இரண்டு. தூக்கு என்பது விடு என்றாகிவிடும்.

"குடுய்யா!" என்றார் மேற்பார்வையாளர்.

"எண்ணி முடிக்கல சார்."

"என்னது?"

"மாமா இன்னும் எண்ணி முடிக்கல."

இரண்டாவது இழுப்பு வந்தது. வெள்ளைத் தலைக்கவசங்கள் பக்கத்தில் வந்துவிட்டன. "கயிறு பிடிச்சிருக்கிறவரே, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க" என்றது ஒரு குரல், மரியாதையாக.

இவன் திரும்பவில்லை. கயிற்றை மணிக்கட்டில் இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டு, கலங்கிய தண்ணீருக்குள் அது இறங்கும் இடத்தையே பார்த்தபடி நின்றான். ஈரக் கயிற்றிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.