முப்பத்தெட்டுக்கு மூணு

நான் எழுதுறத அப்படியே படிக்கக் கூடாது. தலைகீழாத்தான் படிக்கணும். இது எங்க ஊர்ல பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூடத் தெரியும். என் பேரு செஸ்டர் கோர்ஸ்கி. ஊருக்கு நான் செட். ஈரி ஏரிக்கரையில, உருக்காலையை இழுத்து மூடுனப்புறம் மிச்சம் கிடக்கிற ஊரு எங்களுது. பகல்ல இரும்புச் சாமான் கடையில ஆணி, போல்ட்டு, பனி அள்ளுற மண்வாரி விக்கிறேன். வியாழக்கிழமை வர்ற எங்க ஊர் வாரப் பத்திரிகையில 'செட் வாக்கு'ன்னு ஒரு பத்தி எழுதுறேன். அந்த வாரம் எங்க டீம் என்ன கிழிக்கப் போகுதுன்னு முன்னாடியே சொல்ற பத்தி.

ஆட்டத்துக்குப் பேரு என்னமோ கால்பந்துதான். காலால உதைக்கிறது எப்பவாவது ஒரு தடவை. மத்த நேரமெல்லாம் பந்தைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு ஒருத்தன் ஓடுவான், நாலு தடியனுங்க மேல விழுந்து அமுக்குவானுங்க. அந்த எப்பவாவது ஒரு தடவையையும் எங்க ஆளு கோட்டை விட்டுருவான்.

இருபத்திரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, பத்தி ஆரம்பிச்ச புதுசு. "அடிச்சுச் சொல்றேன், ஜெயிக்கிறோம்"னு எழுதித் தொலைச்சேன். கடைசி நொடி வந்துச்சு. ரெண்டு புள்ளி பின்னாடி இருக்கோம், சரியா உதைச்சா மூணு புள்ளி. உதைச்சான். பந்து கம்பத்துல டங்குன்னு பட்டு எங்க பக்கமே திரும்பி வந்து விழுந்துச்சு. மறுநாள் கடைக்கு வந்த ஒருத்தனும் என்கிட்ட முகம் கொடுத்துப் பேசல. சர்ச்சுல பாதிரியார்கூட எனக்குக் கை கொடுக்காம அடுத்த ஆளுக்குப் போயிட்டாரு. வெறுத்துப்போயி அடுத்த வாரம், "நாசமாப் போகப் போறோம்"னு எழுதினேன். ஜெயிச்சோம். தீந்துச்சு கதை. அன்னியிலேர்ந்து நான் 'ஜெயிப்போம்'ங்கிற வார்த்தையை எழுதினதே இல்ல.

அதுக்கு ஒரு அகராதியே ஊர்ல இருக்கு. மூணு புள்ளியில தோப்போம்னு நான் எழுதினா, கொஞ்சம் சந்தேகம்னு அர்த்தம். இருபது புள்ளின்னா நம்பிக்கை இருக்குன்னு அர்த்தம். "ஞாயித்துக்கிழமை டீவியைத் தொடாதீங்க, மாமியார் வீட்டுக்குப் போயி அவங்க சமையலைச் சாப்பிடுங்க, அதைவிட இது கொடுமையா இருக்கும்"னு எழுதினா, ஊரே வாசல்ல கொடி கட்டிரும். அப்படியும் பாதி ஆட்டம் தோத்தானுங்க. அதை எவனும் ஞாபகம் வச்சுக்கல.

நார்பர்ட் பாவ்லக் மட்டும் ஒண்ணுவிடாம ஞாபகம் வச்சிருப்பான். என் தங்கச்சி டெல்ஃபீனோட வீட்டுக்காரன். ஸ்கூல் பஸ் ஓட்டுறவன். முப்பத்தியொரு வருஷமா ஸ்டேடியத்துல ஒரே சீட்டு, ஒரே தொப்பி. அந்தத் தொப்பியைத் துவைச்சா ராசி போயிரும்னு என் தங்கச்சியைத் தொடவே விட மாட்டான். ப்ளே ஆஃப்ல ரெண்டாம் சுத்து ஆட்டத்தை நம்ம ஸ்டேடியத்துல, நம்ம பனியில உக்காந்து பாக்கணும், அதான் அவன் ஆசை. இந்த ஜென்மத்துல அது அமையல.

இந்த வருஷம் அமையிற மாதிரி இருந்துச்சு. சனிக்கிழமை மியாமிக்காரனுங்களோட மொத சுத்து, அவங்க ஊர்ல. அதுல ஜெயிச்சா, அடுத்த ஞாயிறு ரெண்டாம் சுத்து இங்கேயே. அதே நேரம் பாத்து அவன் நெஞ்சுல மூணு அடைப்புன்னு டாக்டர் கண்டுபிடிச்சாரு. உடனே அறுக்கணும்னு ரெண்டு ஆட்டத்துக்கும் நடுவுல வர்ற செவ்வாய்க்கிழமையைக் குறிச்சுக் கொடுத்தாரு. அறுத்துட்டா ரெண்டு மாசம் வீட்டை விட்டு நகரக் கூடாது. வேண்டாம்னா வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சொல்லிடணும், வேற ஆளுக்குக் கொடுத்துருவாங்களாம். அடுத்த தேதி மூணு வாரம் கழிச்சுத்தான்.

திங்கக்கிழமை டெல்ஃபீன் கடைக்கு வந்தா. கையுறையைக்கூடக் கழட்டல.

"அண்ணே, அந்த மனுஷன் என்ன சொல்றாரு தெரியுமா? 'உங்க அண்ணன் வியாழக்கிழமை என்ன எழுதுறான்னு பாத்துட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் பண்றேன். ஜெயிப்போம்னு அர்த்தம் வந்தா ஆபரேஷனைத் தள்ளிப் போடுறேன், தோப்போம்னு வந்தா செவ்வாய்க்கிழமையே போயிப் படுத்துக்கிறேன்'ங்கிறாரு."

"பைத்தியக்காரன்."

"பைத்தியந்தான். யாரு பிடிக்க வச்ச பைத்தியம்? நீ நெஜமா என்ன நெனைக்கிற? ஜெயிப்போமா?"

சுத்தி யாரும் இல்லைன்னு பாத்துக்கிட்டுத்தான் சொன்னேன். "வாய்ப்பே இல்லம்மா. ஆட்டத்தையே நடத்துற குவாட்டர்பேக்குக்குக் கணுக்கால் வீங்கிக் கிடக்கு. தடுப்பாட்டக்காரனுங்க ஓட்டைச் சல்லடை. நிச்சயமாத் தோப்போம்."

"அப்ப ஜெயிப்போம்னு எழுது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "என்ன விளையாடுறியா? இருபத்திரெண்டு வருஷமா எழுதாத வார்த்தைம்மா. ஊரு என்னைக் கொன்னுரும்."

"ஊரு உன்னைக் கொல்லாது அண்ணே. அவருதான் செத்துருவாரு." மூக்கை உறிஞ்சிக்கிட்டா. "ஒரே ஒரு வார்த்தை. நீ ஜெயிப்போம்னு எழுதினா அவரு தோப்போம்னு படிப்பாரு. பேசாம ஆஸ்பத்திரிக்குப் போவாரு. எனக்காக எழுது."

"நான் நேர்ல பேசிப் பாக்குறேன். என் பேச்சைக் கேப்பான்"னேன். எவ்வளவு பெரிய மூளை எனக்கு, பாருங்க.

செவ்வாய்க்கிழமை வேலை முடிஞ்சதும் மதுக்கடையில அவனைப் பிடிச்சேன். கோழி இறக்கைத் தட்டு அவன் முன்னாடி இருந்துச்சு. டாக்டர் தொடவே கூடாதுன்னு சொன்ன ஐட்டம். தட்டை என் பக்கம் இழுத்து வச்சேன்.

"மாப்ளே, பத்தியை விடு. பத்திரிகைக்கு எழுதுறது வேற. இப்ப ஒனக்கும் எனக்கும் நடுவுல சொல்றேன். சனிக்கிழமை தோப்போம்."

அவன் கண்ணு ரெண்டும் விரிஞ்சுச்சு. "நெஜமாவா மச்சான்?"

"நெஜமா."

"எவ்வளவுல?"

"அட எவ்வளவா இருந்தா என்னடா! தோப்போம். அம்மா மேல சத்தியமா தோப்போம்."

"சத்தியம் வேற பண்றியா!" தொப்பியைக் கழட்டி மார்ல அமுக்கிக்கிட்டான். "இருபத்திரெண்டு வருஷத்துல நீ சத்தியம் பண்ணி நான் பாத்ததில்லையே மச்சான். அவ்வளவு நம்பிக்கையா?"

"டேய் மடையா, நம்பிக்கை இல்லடா! தோப்போம்னா தோப்போம்! முப்பது, நாப்பது புள்ளியில மண்ணைக் கவ்வுவோம்! நீ செவ்வாய்க்கிழமை போயி ஒழுங்கா நெஞ்சை அறுத்துக்க!"

அவ்வளவுதான். எந்திரிச்சு நின்னுட்டான். "எல்லாரும் கேளுங்கப்பா! செட் நாப்பதுங்கிறான்! அம்மா மேல சத்தியமே பண்ணிட்டான்!" கடையே எந்திரிச்சுக் கத்துச்சு. எவனோ என் முதுகுல அறைஞ்சான். எவனோ எனக்கு பீர் வாங்கிக் கொடுத்தான். நான் மேஜையில குத்தி, "தோப்போம்டா, நெஜமாவே தோப்போம்டா"ன்னு தொண்டை கிழியக் கத்துறேன். கத்தக் கத்த அவனுங்க ஆடுறானுங்க. நார்பர்ட் என் தலையைப் பிடிச்சு நெத்தியில முத்தம் கொடுத்தான்.

புதன்கிழமை மத்தியானம் பத்தி கொடுக்கணும். கடை பின்னாடி பெயிண்ட் டப்பாங்களுக்கு நடுவுல என் மேஜை. உக்காந்தேன். 'ஜெயிப்போம். முப்பத்தியொண்ணுக்குப் பத்து'ன்னு அடிச்சேன். அடிச்சுட்டு அதையே பாத்துக்கிட்டு இருந்தேன். வேற எவனோ எழுதின மாதிரி இருந்துச்சு.

தங்கச்சி முகம் ஞாபகம் வந்துச்சு. அதை மறைச்சுக்கிட்டு அந்தப் பந்து கம்பத்துல பட்ட சத்தம் வந்துச்சு. இத எழுதிட்டு சனிக்கிழமை தோத்தா, என்னாலதான் தோத்தோம்னு ஆகிடும். ஊரு சொல்றது கிடக்கட்டும். உள்ளத உள்ளபடி சொல்லிடுறேன், நானே அப்படித்தான் நெனைச்சேன். அறுபத்திமூணு வயசு ஆம்பளை. நான் அடிக்கிற எழுத்துக்கும் மியாமிக்காரன் கையில இருக்கிற பந்துக்கும் என்ன சம்பந்தம்னு ஒரு தடவை யோசிச்சிருக்கலாம். யோசிக்கல. என் நக்கலை ஊரைவிட அதிகமா நம்புனவன் நான்தான்.

மூணு வாரந்தானேன்னு சமாதானம் சொல்லிக்கிட்டேன். இத்தனை வருஷம் தாங்குன நெஞ்சு மூணு வாரம் தாங்காதா? அழிச்சேன். 'தோப்போம். முப்பத்தெட்டுக்கு மூணு. அந்த மூணும் மியாமிக்காரனுங்க பாவம் பாத்துப் போடுற பிச்சை. டீவியை மூடிட்டு எல்லாரும் டாக்டரைப் போயிப் பாருங்க'ன்னு அடிச்சு அனுப்பிட்டேன். கடைசி வரியை அவனுக்குன்னுதான் எழுதினேன். அதையும் எப்படிப் படிப்பான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் எழுதினேன்.

வியாழக்கிழமை காலையில அவன் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி, வேண்டாம்னு சொல்லிட்டான். டெல்ஃபீன் எனக்குப் போன் பண்ணல.

சனிக்கிழமை ஜெயிச்சோம். இருபத்தினாலுக்கு இருபது. அந்தக் கணுக்கால் வீங்கினவன் கடைசி நிமிஷத்துல நொண்டிக்கிட்டே ஓடி, கோட்டைத் தாண்டி விழுந்தான். டெல்ஃபீன் வீட்டுக் கூடத்துல டீவி முன்னாடி நானும் நார்பர்ட்டும் கட்டிப்பிடிச்சுக்கிட்டுக் குதிச்சோம். தெரு முழுக்க கார் ஹாரன். "மச்சான், ஒன் வாய்க்குச் சக்கரை போடணும்டா"ன்னு அழுதான். நானும் அழுதேன். வெக்கமா இருக்கு சொல்ல, என் வாழ்க்கையிலேயே அவ்வளவு சந்தோஷமா நான் இருந்ததில்ல. டெல்ஃபீன் எங்க ரெண்டு பேரையும் பாத்தா. பாத்துட்டு சமையலறைக்குள்ள போயிட்டா.

வெள்ளிக்கிழமை, ஆட்டத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி, மூணடி பனி கொட்டுச்சு. ஞாயித்துக்கிழமை காரை எடுக்கணுமேன்னு அவன் விடிஞ்சதும் வெளியில போயி வாசல் பனியை வாரியிருக்கான். மண்வாரி என் கடையில வாங்குனது, நானே பாத்து எடுத்துக் கொடுத்தது. டெல்ஃபீன் காப்பி போட்டுட்டுக் கூப்பிட்டுப் பாத்திருக்கா. பதில் வரல. கதவைத் தொறந்தா, காருக்கும் வேலிக்கும் நடுவுல குப்புறக் கிடந்தான். தொப்பி தலையிலேயே இருந்துச்சு.

ஞாயித்துக்கிழமை அவனைப் பெட்டியில வச்சு ஊரு வந்து பாத்த நேரமும் ஆட்டம் நடந்த நேரமும் ஒண்ணா அமைஞ்சுச்சு. வந்தவனெல்லாம் கோட்டுக்குள்ள போனை ஒளிச்சு வச்சுப் பாத்துக்கிட்டு இருந்தான். பெட்டிக்கிட்ட முட்டி போட்டு எந்திரிச்சவன், அடுத்தவன் காதுல புள்ளிக்கணக்கைச் சொல்லிட்டுப் போனான். எனக்குக் கோவம் வரல. நார்பர்ட் உயிரோட இருந்து வேற எவன் பெட்டி முன்னாடியாவது நின்னிருந்தா, அதையேதான் பண்ணியிருப்பான். அந்த வாரத்துப் பத்தியிலயும் தோப்போம்னுதான் எழுதியிருந்தேன். பதினேழு புள்ளியில தோத்தோம். அன்னிக்குன்னு பாத்து நான் எழுதின புள்ளிகூட மாறல.

புதைச்சுட்டு வந்து, சாப்பாடெல்லாம் முடிஞ்சு, ஊரு கலைஞ்சு போயிடுச்சு. சமையலறையில நானும் டெல்ஃபீனும் மட்டும் இருந்தோம். ஃப்ரிட்ஜ் கதவுல என் பத்தியை அவன் வெட்டி ஒட்டி வச்சிருந்தான். முப்பத்தெட்டுக்கு மூணு. 'டாக்டரைப் போயிப் பாருங்க'ங்கிற வரிக்குக் கீழ சிவப்புப் பேனாவால ரெண்டு கோடு இழுத்து, பக்கத்துல ஒரு சிரிக்கிற மூஞ்சி வரைஞ்சிருந்தான்.

டெல்ஃபீன் காப்பியை என் முன்னாடி வச்சுட்டு எதிர்ல உக்காந்தா.

"அண்ணே, ஒண்ணு கேக்குறேன். மறைக்காம சொல்லு. நீயும் டாக்டர்கிட்டப் பேசுனீல்ல. செவ்வாய்க்கிழமை போயிருந்தா அவரு பொழைச்சிருப்பாரா?"

டாக்டர் என்கிட்டச் சொன்னது எனக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு. நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு பேர் எந்திரிச்சு நடந்து வீட்டுக்குப் போறாங்கன்னு சொன்னாரு. காப்பியைப் பாத்துக்கிட்டே, "இல்லம்மா. போயிருந்தாலும் பொழைச்சிருக்க மாட்டான். அவன் விதி அவ்வளவுதான். இதுல உன் தப்பும் இல்ல, யார் தப்பும் இல்ல"ன்னு சொன்னேன். சத்தியமா அவளுக்கு ஆறுதலா இருக்கட்டும்னுதான் சொன்னேன்.

அவ கத்தல. கத்தியிருந்தா, நாலு அறை விட்டிருந்தாக்கூட வாங்கிட்டுப் போயிருப்பேன்.

"நீ சொல்றத எப்படிப் படிக்கணும்னு எனக்கும் தெரியும் அண்ணே"ன்னு சொன்னா.

அப்புறம் எந்திரிச்சு, நான் தொடாத காப்பியை எடுத்துத் தொட்டியில ஊத்திட்டு, பாத்திரம் கழுவ ஆரம்பிச்சா.