கடற்குதிரைச் சாராயம்

கடைத்தெருவில் என் சோயாப்பால் கடைக்கு அடுத்தது பாங் தேஷுனின் எள்ரொட்டிக் கடை. அவனுக்கும் சூலானுக்கும் கல்யாணமாகி ஏழு வருடமாகியும் குழந்தை இல்லை. அதில் கடைசி மூன்று வருடம் சூலான் மருந்து குடித்தாள். காலையில் ஒரு கிண்ணம், மாலையில் ஒரு கிண்ணம், தார் போலக் கறுத்த கஷாயம். மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கிவிட்டு என் கடைக்கு ஓடிவந்து, ஒரு வாய் பால் வாங்கிக் கொப்பளிப்பாள்.

வைத்தியர்கள் மூன்று பேர் மாறினார்கள். ஒருவர் கருப்பை குளிர்ந்திருக்கிறது என்றார். இன்னொருவர் ரத்தம் போதாது என்றார். தேஷுனின் நாடியை யாரும் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

நாலாவதாக அவள் போனது மாவட்டச் சீனப் பாரம்பரிய மருத்துவமனையில் டாக்டர் ஜி என்ற அம்மாளிடம். அவர் சூலானின் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து நெடுநேரம் பார்த்தார். பழைய சீட்டுகளைப் புரட்டினார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"உனக்கு எழுத ஒண்ணுமில்லம்மா. அடுத்த தடவை வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா."

தேஷுன் கிளம்ப ஒரு மாதம் ஆனது. அடுப்பை விட்டுவிட்டு எப்படி வருவது என்பான், மாவு புளித்துவிடும் என்பான். கடைசியில் நான்தான் அவர்கள் கடையையும் பார்த்துக்கொள்வதாகச் சொல்லித் துரத்தினேன். அங்கே நடந்ததைச் சூலான் பிறகு எனக்கு வரி விடாமல் சொன்னாள்.

"நான் பையைத் தூக்க வந்தேன் டாக்டரம்மா. நோயாளி இவதான்" என்றானாம் தேஷுன்.

"பையை அவ தூக்கட்டும். நீ கையை நீட்டு."

நாடி பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். நாக்கில் மஞ்சளாக மாவு அப்பியதுபோல் படிந்திருந்தது.

"என்ன தொழில்?"

"எள்ரொட்டி. பீப்பாய் அடுப்பு."

"குனிஞ்சா அடுப்பு உடம்புல எங்க படும்?"

அவன் எழுந்து தொப்புளுக்குக் கீழே தொட்டுக் காட்டினான். ரொட்டியை உட்சுவரில் ஒட்ட வேண்டுமானால் பீப்பாயில் சாய்ந்துதான் குனிய வேண்டும். தினம் ஏழு மணி நேரம், பதினாறு வருடம்.

"முட்டையை நீ அவிச்சுட்டு, குஞ்சு எங்கன்னு கோழியைக் கேட்டிருக்கீங்க" என்றார் டாக்டர். "குடிக்கிறியா?"

"விசேஷத்துக்கு..."

"தினம் விசேஷம்னு உன் நாக்கு சொல்லுதே."

தேஷுன் தரையைப் பார்த்தான். "மருந்துச் சாராயம். கடற்குதிரையும் மான்கொம்பும் ஊறப்போட்டது. தூங்கப்போறப்ப ஒரு கிண்ணம்."

"எதுக்கு?"

"பலத்துக்கு."

"பலம் இல்லைன்னு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. எனக்கே ஒரு சந்தேகம்."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷத்துக்கு மேல."

சூலான் மடியிலிருந்த பையை இறுகப் பிடித்துக்கொண்டாள். வீட்டில் அப்படி ஒரு ஜாடி இருப்பதே அவளுக்குத் தெரியாது.

"உடம்புல ஏற்கெனவே தீ. அதுல நீ சாராயத்தை ஊத்தியிருக்கே. முதல்ல சூட்டை எறக்கணும், பலமெல்லாம் அப்புறம்" என்று டாக்டர் அவனைக் கீழ்த்தளத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். விந்தணு இருக்க வேண்டியதில் கால்பங்குதான் இருந்தது. இருந்ததும் மந்தம். மூன்று மாதம் அடுப்புப் பக்கம் போகக் கூடாது, சாராயம் கூடாது, வெந்நீர்த் தொட்டியில் ஊறக் கூடாது என்றார்.

சூலான் அவனோடு ஐந்து நாள் பேசவில்லை. என்னிடம் மட்டும் ஒருமுறை சொன்னாள்: "குறை யாருக்கும் வரலாம் அக்கா. தெரிஞ்சுக்கிட்டே நான் குடிக்கிறதைப் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தானே, அதான்."

ஆறாம் நாள் காலை அவனுடைய முன்கட்டுத் துணியை எடுத்துக் கட்டிக்கொண்டாள். "நீ மாவைப் பிசை. அடுப்பு எனக்கு."

"உனக்குச் சூடு ஆகாதாடி?" என்று கேட்டேன்.

"எனக்கு எல்லாம் உள்ள பத்திரமா இருக்கு. அவனுக்குத்தானே வெளிய தொங்குது."

முதல் நாள் பாதி ரொட்டி கரியில் விழுந்தது. பத்து நாளில் கை பழகிவிட்டது.

மருத்துவமனையிலேயே காய்ச்சிப் பிளாஸ்டிக் பொட்டலத்தில் அடைத்த அவனுடைய கஷாயம் வாரம் ஒருமுறை பெட்டியில் கடைக்கு வரும். ஒருநாள் வரிசையில் நின்ற கறிக்கடை வெய் பெட்டியைத் திருப்பிப் படித்துவிட்டான்.

"பாங் தேஷுன், ஆண்கள் பிரிவு! என்ன தம்பி, சிறுநீரகம் காலியா?"

எங்கள் ஊரில் ஆண்மை போய்விட்டது என்பதை அப்படித்தான் சொல்வார்கள். வரிசையே சிரித்தது. தேஷுனின் காது சிவந்தது. பெட்டியை உள்ளே கொண்டுபோய் ஒளித்துவிடுவான் என்றுதான் நினைத்தேன். அவன் ஒரு பொட்டலத்தின் மூலையை வெட்டி, எல்லோருக்கும் எதிரில் கடகடவென்று குடித்தான்.

"ஆமா, காலி. நிரப்பிட்டு இருக்கேன். உனக்கு எத்தனை ரொட்டி?"

வெய் நாலு என்று விரலைக் காட்டினான். சூலான் திரும்பவில்லை. அடுப்பைப் பார்த்தபடியே, "இவ்வளவு வேகமாக் குடிச்சா பொறையேறும்" என்றாள். வேலைப் பேச்சைத் தவிர அவனிடம் அவள் தானாகப் பேசியது பல நாளைக்குப் பிறகு அன்றுதான்.

குளிர்காலத்தில் தேஷுனின் அம்மா கிராமத்திலிருந்து கருந்தோல் கோழி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இதைத் தின்னாவது இவ வயிறு திறக்குதா பார்ப்போம்."

"கோழியை எனக்கு வை அம்மா. குறை என்கிட்ட."

"வாயைக் கழுவுடா! நம்ம வம்சத்துல அப்படி ஒருத்தனும் கிடையாது."

"ஒருத்தனும் பரிசோதனை பண்ணிக்கல, அவ்வளவுதான். டாக்டர் எழுதினது இருக்கு, பாரு."

கிழவிக்குப் படிக்கத் தெரியாது. காகிதத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். சாப்பிடும்போது ஒரு தொடையை வழக்கம்போல் மகன் கிண்ணத்தில் போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தொடையைச் சூலான் கிண்ணத்தில் போட்டாள்.

மூன்று மாதத்தில் எண்ணிக்கை இரண்டு மடங்கானது. ஆறு மாதத்தில் ஏறக்குறைய சரியான அளவுக்கு வந்தது. மருந்துதான் வேலை செய்ததா என்று தேஷுன் கேட்டான்.

"மருந்தா, அடுப்பை விட்டதா, சாராயத்தை விட்டதா, எனக்கே தெரியாது" என்றார் டாக்டர் ஜி. "குழந்தை வரும்னு நான் வாக்குக் கொடுக்கல. வந்தா சந்தோஷம்."

கோதுமை அறுவடை நேரத்தில் ஒரு காலை, சூலான் என் கடைப் பலகையில் வந்து உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது. "பன்னிரண்டு நாள் தள்ளிப்போயிருக்கு அக்கா. நீ வாயைத் திறக்காதே, நானே சொல்றேன்."

மத்தியானம் தேஷுனிடம் சொன்னாள். அவன் மாவுக் கையோடு தெருவுக்கு வந்து, எந்தப் பக்கம் போவதென்று தெரியாதவன்போல் நின்றான். மறுநாளே அடுப்புக்கு ஆள் தேட ஆரம்பித்தான்.

புத்தாண்டு வசந்த விழாவுக்குப் பத்து நாள் முன்னால் பெண் குழந்தை பிறந்தது. நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து நீட்டியபோது வாங்கவே அவன் பயந்தான்.

"இவ்வளவு சின்னதாவா இருக்கும்?" என்று என்னிடம் கேட்டான்.